சொல்லிட்டா வேலை போகாது

ஜூன் 9, 2025, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்து ஒரு வாரம் ஆகிறது. தளவாய்புரத்தில் ஏழே முக்காலுக்கு ஏறி, ராஜபாளையத்தில் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது ஒன்பதரை. சேலையில் யாரோ சிந்திய டீ. பதினைந்து வருஷமாக வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன், பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட் இன்னும் எனக்கு அமையவில்லை.

பால்துரை சார் மேஜையில் ஒரு அழைப்பிதழ் கிடந்தது. அடுத்த மாதம் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகளுக்காகப் பட்டிமன்றம். "போதைப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருப்பவருக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா?" சாரை 'வேண்டாம்' பக்கம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருகிற மனுஷர். பாக்கு வாசனைகூட ஆகாது. "என்னைய எதுக்கும்மா இந்தப் பக்கம் போட்டானுவ?" என்று அரைமணி நேரம் புலம்பினார்.

"தண்டனைய எடுத்துட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன்.

"அதத்தான் நீ எடுத்துக் குடுக்கணும். நம்ம கட்டுலயே கஞ்சா கேஸ் கெடக்குல்லா, பாரு."

எனக்கு இப்படி ஒரு வேலை கொடுத்தால் சோறு வேண்டாம். தங்கச்சி ஆனந்தவல்லி சொல்வாள்: "ஊர்ல எவன் வீட்டுல என்ன கொழம்புன்னு கேக்காட்டா உனக்குச் செரிக்காது." வாஸ்தவம்தான்.

ஜூன் 11, புதன்

கேஸ் கட்டுகளைப் பிரித்தேன். தும்மல். பெரிய கேஸ்களைத் தள்ளிவிட்டு, சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டவர்களை மட்டும் எடுத்து வைத்தேன். எல்லாக் கட்டும் ஒரே மாதிரிதான் முடிகிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் செலுத்தினார், வழக்கு முடிந்தது. ஒத்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நாங்களே சொல்லி அனுப்புவோம். அடுத்த வாரம் கல்யாணம், ஊரில் கோயில் பொங்கல் சாட்டியிருக்கிறார்கள், துபாய்க்கு டிக்கெட் போட்டாச்சு, இப்படி அவசரம் ஆளுக்கு ஒன்று.

கடைசித் தாளுக்குப் பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆனது? அது எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

சார் கோர்ட்டுக்குப் போனதும் ஆபீஸ் போனை எடுத்து ஒவ்வொரு நம்பராக அடித்தேன். பாதி நம்பர் உயிரோடு இல்லை. திருப்பூரில் இருக்கும் ஒருவன் தன் சொந்தக் குரலிலேயே "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான். சோழபுரத்தில் ஒரு தாய் எடுத்தாள். வக்கீல் ஆபீஸ் என்றதும் "இன்னொரு கேஸா தாயி?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இல்லை, சும்மா கேட்கிறேன் என்று அவளைத் தேற்றப் பத்து நிமிஷம் ஆனது. வக்கீல் ஆபீஸிலிருந்து யாராவது சும்மா கேட்பார்களா? புத்தி வேண்டாமா எனக்கு.

ஒருவன் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, கயிறு ஏறி, எல்லாவற்றிலும் தேறி, விசாரணையில் பழைய கேஸ் வந்து நின்றுவிட்டதாம். "ஃபைன் கட்டுனா முடிஞ்சிரும்னு நீங்கதானக்கா சொன்னீய" என்றான். ஆமாம், நான்தான் சொன்னேன்.

இன்னொருவன் சிரித்தான். "கல்யாணத்துக்குப் பொறவு அவ விட வச்சிட்டாக்கா." சட்டமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. சாருக்குத் தயார் பண்ணும் குறிப்பில் 'பொண்டாட்டி – ஒரு ஆள்' என்று எழுதி வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மீன் குழம்பு. ஆனந்தவல்லியிடம் பட்டிமன்றத் தலைப்பைச் சொன்னேன். அவள் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. தலைப்பைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்டன வேண்டாம்னா பொறவு எவனுக்குப் பயம் இருக்கும்? நல்லா நாலு உத விடணும்."

"உத விட்டதுல எத்தன பேரு திருந்துனான்னு உனக்குத் தெரியுமாட்டி?"

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் விஷயம். யாருக்கும் தெரியாது, எல்லோரும் இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறோம்.

ஜூன் 23, திங்கள்

ஆனந்தவல்லி சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்தாள். தினமும் கொண்டு விடுகிற மில் வண்டி என்னாச்சு என்றேன். பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தாள்.

அவர்கள் வண்டி டிரைவர் பாண்டிதுரையைப் போலீஸ் பிடித்துவிட்டதாம். காலையில் பெண்களை மில்லில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு சோழபுரம் விலக்கு ரோடு பக்கம் போயிருக்கிறான். வண்டிச் சோதனை. சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலம்.

"நாலு வருசம்க்கா. அவன் பின் சீட்டுலதான் உக்காந்து வாரேன். இருவத்திரெண்டு பொம்பளைய." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்

நான் எதிர்பார்க்கவே இல்லை, பாண்டிதுரையின் மனைவி எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். பேர் செல்லக்கனி. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவள், எனக்கு முகம் தெரியும். கையில் ஆதார் கார்டு நகல், ஒரு டிபன் பாக்ஸ். டிபன் எதற்கு என்றேன். ஜெயிலில் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுக்க முடியாதும்மா என்றேன்.

சார் பெயில் மனு போடச் சொன்னார். பழைய மனுவைத் திறந்து, பேர், தகப்பனார் பேர், ஊர், குற்ற எண் மாற்றிப் பதினைந்து நிமிஷத்தில் பிரிண்ட் கொடுத்தேன். ஆனந்தவல்லியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

பெயில் கிடைத்தது. வீட்டில் ஆனந்தவல்லி என்னோடு இன்னும் பேசவில்லை.

ஜூலை 2, புதன்

பாண்டிதுரை கோர்ட்டில் பெயில் நிபந்தனைக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்தான். முப்பத்தாறு வயசு, நல்ல உயரம், தலையைக் குனிந்தே நின்றான். சார் இல்லை. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"வண்டி ஓட்டும்போது இழுத்துருக்கீங்களா?"

"காலைல ட்ரிப்புக்கு முன்னாடி கெடையாதுக்கா. ராத்திரிதான். ஆனா..." கதவைத் திரும்பிப் பார்த்தான். "மொத நாள் ராத்திரி கூடப் போயிருச்சுன்னா காலைல தல தெளியாது. அப்பிடியும் எடுத்துருக்கேன். எத்தன நாளுன்னு கணக்கு இல்ல."

என் தங்கச்சி அந்த வண்டியில் இருந்தாள் என்று சொன்னேன். அவனுக்குத் தெரியாது போல.

"அப்பமே யார்ட்டயாவது சொல்லக் கூடாதா?"

"யார்ட்டக்கா சொல்ல? மில்லுல சொன்னா வேல போயிரும். ஆஸ்பத்திரில சொன்னா போலீசுக்குப் போயிரும்னாவ. ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வாசல் வர போயிட்டுத் திரும்பிட்டேன்."

இது எனக்கு உறைத்தது. தண்டனை இருப்பதால் பயந்து விட்டுவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இவன் பயந்து வாயை மூடிக்கொண்டு, வண்டியை எடுத்திருக்கிறான். இவன் ஒருவன்தான் இப்படியா, எல்லோருமா? ஒரு ஆளை வைத்துச் சொல்லவும் முடியாது.

ஜூலை 4, வெள்ளி

சார் பேச்சுக்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போது அறுபத்து நாலு ஏ என்று ஒரு பிரிவு கண்ணில் பட்டது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் கொஞ்சமாக வைத்திருந்து பிடிபட்டால், தானாக முன்வந்து அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு திரும்பப் போகும். மூன்று தடவை படித்தேன்.

நாம் பட்டிமன்றம் போட்டு 'வேண்டுமா வேண்டாமா' என்று அடித்துக்கொள்கிற விஷயத்தில் ஒரு பகுதிக்கு வழியை, இதே சட்டத்துக்குள் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

"சார், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு கேஸ்லகூடப் போட்டதில்லையே?"

"போட்டா, என் கட்சிக்காரனுக்குப் பழக்கம் உண்டுன்னு நானே எழுதிக் குடுக்கணும்லா. எவன் ஒத்துக்கிடுவான்?"

கேட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். சார் என்னை முறைத்தார். பிறகு செல்லக்கனிக்குப் போன் போடச் சொன்னார்.

ஜூலை 7, திங்கள்

பாண்டிதுரை தயங்கினான். எழுதிக் கொடுத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றான். செல்லக்கனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஊருக்கு இனிமேத்தான் தெரியணுமாக்கும்?" என்றாள். சார் சிரிப்பை மறைக்கக் கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். மனு தாக்கல்.

ஜூலை 9, புதன்

லீவு போட்டு அவர்களோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை? பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் ப்ரியம்வதா, என்னைவிடச் சின்னவள். பாண்டிதுரையிடம் கஞ்சாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போது கோபம் வருகிறது என்று கேட்டாள். அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் அழுதுவிட்டான்.

கோர்ட் வழியாக எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். "நான் வந்து மூணு வருஷமாச்சு. இவர்தான் முதல்." மூன்று வாரம் உள்ளே, அப்புறம் நாலு மாதம் வந்து போக வேண்டும். முதல் வாரம் தூக்கம் வராது, எரிந்து விழுவார் என்று செல்லக்கனியிடம் சொன்னாள். "இப்பமும் அப்பிடித்தான் டாக்டர்" என்றாள் செல்லக்கனி.

ஜூலை 16, புதன்

பட்டிமன்றம். காலேஜ் பஸ்களில் பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் கடைசி வரிசை.

சார் நன்றாகப் பேசினார். போர்ச்சுகல் நாட்டில் 2001இலிருந்து சொந்த உபயோகத்துக்கு ஜெயில் கிடையாது, ஒரு குழு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள் என்றார். எதிர்ப்பக்கத்துக்காரர் விடுவாரா? அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் இதையே செய்து பார்த்து, மூன்றரை வருஷத்தில் வேண்டாம் சாமி என்று திரும்பச் சட்டம் போட்டார்களே என்றார். கைதட்டல். இரண்டும் நிஜம். ஒரே விஷயம் ஒரு ஊரில் நிற்கிறது, இன்னொரு ஊரில் விழுகிறது. நடுவில் என்ன வித்தியாசம்? அதை யாரும் சொல்லவில்லை. மணியடித்துவிட்டார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்களை ஏத்திட்டு வர்ற டிரைவர் போட்டிருந்தா? அப்பவும் தண்டனை வேண்டாமா?" சார் தண்ணீர் குடித்தார். போதையில் வண்டி ஓட்டினால் அது தனிக் குற்றம், அதற்குத் தண்டனை உண்டுதான் என்றார். அது சரியான பதில். ஆனால் அந்தப் பெண் கேட்டது அது இல்லை. ஓட்டுவதற்கு முன்னால் அவளுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் கேட்டாள்.

தீர்ப்பு எதிர்ப்பக்கத்துக்கு. சார் திரும்பும்போது, "நான் கேட்டுட்டிருந்தாலும் அவியளுக்குத்தான் குடுத்துருப்பேன்" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்குப் பாண்டிதுரை மனு விசாரணை. அரசு வக்கீல் எழுந்து, நாங்கள் போட்ட பெயில் மனுவைப் படித்தார். ஐந்தாவது பத்தி. "மனுதாரருக்கு எந்தவிதமான போதைப் பழக்கமும் அறவே கிடையாது." அடுத்து எங்கள் புது மனு: மனுதாரர் எட்டு வருஷமாகப் பழக்கத்துக்கு அடிமையானவர். ஒரே ஆள், ஒரே வழக்கு, இரண்டு வாரம் இடைவெளி. தண்டனையிலிருந்து தப்பிக்க இப்போது பழக்கம் உண்டு என்கிறார், விலக்குக் கொடுக்கக் கூடாது என்றார்.

மாஜிஸ்திரேட் அம்மா இரண்டு தாளையும் தூக்கிப் பிடித்தார். "இதுல எது பொய்?"

சார் வாய்தா கேட்டார்.

அந்த வரியை அடித்தது நான். நான் அடிக்கக்கூட இல்லை. ஒட்டினது. பேரை மாத்து, ஊரை மாத்து, பிரிண்டைப் போடு. அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? ஊர்ல எல்லார்ட்டயும் எல்லாத்தையும் கேக்கிறவ, கேக்க வேண்டிய எடத்துல கேக்கல.

ஜூலை 24, வியாழன்

அந்த வரி எங்கிருந்து வந்தது? இன்று ஆபீஸ் கட்டு முழுவதையும் பிரித்தேன். சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லா மனுவிலும் அதே ஐந்தாவது பத்தி. போலீஸ் வேலை கிடைக்காதவன் மனுவில், திருப்பூர்க்காரன் மனுவில், சோழபுரத்துத் தாயின் மகன் மனுவில். பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். 2009இல் நின்றது. எனக்கு முன்னால் குமாஸ்தாவாக இருந்த ஸுந்தரராஜன் எழுதியது.

அவருக்குப் போன் போட்டேன். மாட வீதியில் இருக்கிறார். அந்த 2009 மனுதாரர் பேரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. "அவர் சமையல்காரர்ம்மா. கல்யாண வீட்டுல யாரோ பைய மாத்தி எடுத்து வந்து மாட்டிக்கிட்டார். காப்பி குடிக்க மாட்டார், வெத்தல போட மாட்டார். அதனாலதான் அறவே கிடையாதுன்னு எழுதினேன். ஏன் கேக்கிற?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஒரே ஒருத்தருக்கு நிஜமான வரி. பதினாறு வருஷமாக அதை எல்லோருக்கும் போட்டிருக்கிறோம். சிகிச்சைக்குப் போகிற வழியை நாங்களே ஒரு வரி எழுதி அடைத்துவிட்டு, யாரும் அந்த வழியில் போவதில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 28, திங்கள்

ஆண்டாள் தேர். கோர்ட் லீவு. ஆனந்தவல்லி கூப்பிட்டாள், போனேன். வெயிலில் வடம் பிடித்துவிட்டு மோர் குடித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் தானாக என்னிடம் பேசியது இன்றுதான். மனசு தேரில் இல்லை.

ஜூலை 31, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன்: நான் அபிடவிட் போடுகிறேன், அந்த வரியைப் பாண்டிதுரையிடம் கேட்காமல் நான்தான் சேர்த்தேன், எங்கள் ஆபீஸ் மனு எல்லாவற்றிலும் அது உண்டு என்று சொல்கிறேன்.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லா மனுவையும் தோண்டுவானுவ. பால்துரை படிக்காம கையெழுத்துப் போடுறவன்னு ஊரே சிரிக்கும்."

"படிக்காமத்தான சார் போட்டீங்க."

சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார். நாளைக்கு மட்டுமா, எப்போதுமா? கேட்கத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

வீட்டில் இருக்கிறேன். நாற்பத்து நாலு வயசில் வேறு எங்கே போய் டைப் அடிப்பது? பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நேற்றிலிருந்து நூறு தடவை நினைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்றால் வாய் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கிறது. "அப்பமே யார்ட்டயாவது சொல்லக் கூடாதா?" என்று அவனிடம் எவ்வளவு சுலபமாகக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பாண்டிதுரை டிஸ்சார்ஜ் ஆகிவிட்டானாம். செல்லக்கனி போனில் சொன்னாள். மனு என்னக்கா ஆகும் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பத்து மணிக்கு சார் போன். "ஒன் அபிடவிட்ட நானே டைப் பண்ணிப் பாத்தேன். வரிக்கு அஞ்சு தப்பு வருது. வந்து தொலையும்மா."

போனேன். மேஜை நிறையப் பழைய கட்டு. எல்லாவற்றையும் பிரித்துப் படித்திருக்கிறார். டீ வாங்கித் தந்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாஜிஸ்திரேட் அம்மா என்னையே முன்னால் வரச் சொன்னார். "இந்த வரியை மனுதாரர் சொன்னாரா?" இல்லை என்றேன். "பிறகு எப்படி வந்தது?" எல்லா மனுவிலும் வரும் என்றேன். "எல்லா மனுவிலுமா?" பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். சார் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து, "படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

ப்ரியம்வதா டாக்டரின் சான்றிதழைப் படித்துவிட்டு உத்தரவு போட்டார்: சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கு கிடையாது. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரித் தாள் கோர்ட்டுக்கு வர வேண்டும். விட்டால் வழக்கு திரும்ப வரும். எங்கள் பக்கம் திரும்பி, மனு எழுதுவதற்கு முன்னால் ஆளைக் கேளுங்கள் என்றார். செல்லக்கனி என் கையை விடவே இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோர்ட் வளாகத்தில் எங்களுக்குப் புதுப் பேர்: அறவே ஆபீஸ்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மில் மேனேஜர் பத்ரிநாத், பாண்டிதுரையை மறுபடி வண்டிக்குப் போடப் பார்க்கிறாராம். ஒன்றரை மாதமாக மில்லில் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாற்று டிரைவர் யாரும் நிலையாக நிற்பதில்லை. வண்டியில் வருகிற பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் என்றாராம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இருபத்திரண்டு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்களாம். ஆனந்தவல்லி என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். விடுவேனா. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவன வரச் சொல்லி நேராவே கேட்டேன். இனிமே தொட மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ண வந்தான். சத்தியம் எங்களுக்கு வேண்டாம்னுட்டேன். தொட்டேன்னா தொட்டேன்னு காலைல சொல்லிரு, அன்னைக்கு வண்டிய எடுக்காத. சொல்லிட்டா வேல போகாது, நாங்க யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம். சொல்லாம எடுத்தா அன்னைக்கே போலீசு. மேனேஜர்ட்டயும் ஒத்துக்கிட வச்சாச்சு."

"நாலு உத விடணும்னு சொன்னவ நீதானட்டி?"

"உத விட்டா சொல்லுவானாக்கும்?" என்றாள். வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பட்டிமன்ற மேடையில் யாருக்கும் இது தோன்றவில்லை. ஆனால் நடக்குமா? ஒரு ஆள் காலையில் எழுந்து, 'நேற்று தொட்டேன்' என்று தானாக வந்து சொல்வானா? எனக்குச் சந்தேகம்தான்.

அக்டோபர் 6, திங்கள்

பாண்டிதுரை இன்று வண்டி எடுத்தான். இருபத்திரண்டில் ஒன்பது பேர்தான் ஏறினார்களாம். ஆனந்தவல்லி ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். "அவனுக்கே வேர்த்துருச்சு" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி முடிந்தது. வண்டியில் இப்போது பத்தொன்பது பேர்.

நவம்பர் 12, புதன்

காலையில் நான் பஸ் ஏறப் போனபோது மணி ஏழே முக்கால். ஏழு மணிக்கே போயிருக்க வேண்டிய ஆனந்தவல்லியும் மற்றப் பெண்களும் இன்னும் வண்டி நிறுத்தத்தில் நிற்கிறார்கள். பாண்டிதுரை ஆறு மணிக்கு மேனேஜருக்குப் போன் பண்ணி, நேத்து ராத்திரி இழுத்துட்டேன், இன்னிக்கு வண்டிய எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். சொன்னதோடு நில்லாமல், நிறுத்தத்துக்கு நடந்தே வந்து அவர்கள் முன்னால் நின்றிருக்கிறான். கண் சிவந்து, தலை வாராமல். ஒருத்தி கண்டபடி ஏசினாள். அவன் நின்று கேட்டுக்கொண்டான். மாற்று டிரைவர் எட்டேகாலுக்குத்தான் வருவானாம். என் பஸ் வந்துவிட்டது.

பத்தரைக்குச் செல்லக்கனியோடு ஆபீஸுக்கு வந்தான். டாக்டரிடம் போய்விட்டு நேராக வருகிறார்கள். "டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன்க்கா. கேஸ் திரும்ப வந்துருமா?" சார் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சிகிச்சையை விட்டால்தான் திரும்ப வரும், நீ விடவில்லையே, டாக்டர் கொடுத்த அடுத்த தேதிக்குப் போ என்றார். டாக்டர் இன்னும் இரண்டு மாதம் கூட்டியிருக்கிறாளாம். செல்லக்கனி அழுதிருப்பாள் போலத் தெரிந்தது. ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்து அவனைச் சாப்பிட வைத்தாள்.

ஆனந்தவல்லி ராத்திரி ஏழு மணிக்கு வந்தாள். பையைப் போட்டாள்.

"ஒண்ணே கால் மணி நேரம் லேட்டு. எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போச்சு."

"திட்டுனீங்களா?"

"கேக்க மாட்டோம்னு சொன்னோம்லா. வாய அடக்க முடியல, திட்டுனோம். பொறவு அமைதியாயிட்டோம்." தண்ணீர் குடித்தாள். "நாலு வருசம் ஒரு நாள் தவறாம டயத்துக்குக் கொண்டு விட்டான்க்கா. அதுல எந்தெந்த நாளு அப்பிடி ஓட்டுனான்னு எங்க யாருக்கும் தெரியாது. இன்னிக்கு ஒரு நாள்தான் தெரியும்."

"நாளைக்கு யாரு ஓட்டுறா?"

"அவன்தான். காலைல மூஞ்சியப் பாத்துட்டு ஏறுவோம்" என்றாள்.